ஹூவரா, ரூஸ்வெல்ட்டா: முன்னாள் படைவீரர்களுக்கு யார் மேல்?

அமெரிக்க அதிபர்களாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இருவரும் ராணுவச் சீருடை அணிந்தவர்கள் அல்ல. ரூஸ்வெல்ட் முதல் உலகப்போரின்போது கடற்படைத் துறையின் உதவிச் செயலர்; அதோடு சரி.

முதல் உலகப்போரில் பணியாற்றியதற்காக 1945-இல் தரவேண்டிய போனஸை இப்போதே கொடுங்கள் என்று 1932-இல் வாஷிங்டனில் முகாமிட்ட முன்னாள் வீரர்கள்மீது ஹூவர் அரசு ராணுவத்தையே ஏவியது. டாங்கிகள், கண்ணீர்ப்புகை, அனகோஸ்டியா பகுதியில் இருந்த அவர்களது முகாம் எரிந்து சாம்பலானது. (தளபதி மக்ஆர்தர் உத்தரவை மீறினார் என்பது வேறு கதை, பழி ஹூவர் தலையில்தான்.)

மறு ஆண்டு போனஸ் கேட்டு வந்த வீரர்களுக்கு, புதிய அதிபர் ரூஸ்வெல்ட் சாப்பாடும் அரசின் வனப் பாதுகாப்பு வேலையும் கொடுத்தார். மனைவி எலினோர் சேற்றில் நடந்துபோய் அவர்களோடு பாடினார். போனஸ்? அவரும் மறுத்தார், 1936-இல் அவரது வீட்டோவை (மறுப்பு அதிகாரத்தை) மீறிக் காங்கிரஸ்தான் கொடுத்தது. 1933-இல் வீரர்களின் உதவித்தொகையையும் வெட்டியிருந்தார். இருந்தும், போரிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புக்கும் வீட்டுக்கும் வழிசெய்த 1944 ஜி.ஐ. சட்டத்துக்காக என் ஓட்டு ரூஸ்வெல்ட்டுக்கே, அரைமனதோடு.