தெர்மாமீட்டருக்குள் எது இருக்கலாம்: பாதரசமா, ஆல்கஹாலா, காலியமா?

எங்கள் கும்பகோணம் வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தது ஒரு சித்திரை மாத மத்தியானம். தம்பிக்குக் காய்ச்சல். பாதரசத்தைக் கீழே இறக்க அம்மா குச்சியை உதறியபோது கட்டில் காலில் பட்டுவிட்டது. சிவப்புச் சிமெண்டுத் தரை முழுக்க வெள்ளி மணிகள். விரலால் தள்ளினால் ஒன்று இரண்டாகும். பக்கத்தில் வந்தால் இரண்டும் ஒன்றாகும். உருண்ட இடத்தில் ஈரத் தடமே இல்லை. அம்மாவின் மோதிரம்தான் சாயங்காலத்துக்குள் வெள்ளை பூத்துவிட்டது.

பாதரசத்துக்குத் தன் மேல்தான் பிரியம், கண்ணாடி மேல் இல்லை. அதனால்தான் மெல்லிய குழாய்க்குள் ஒட்டாமல் ஏறி இறங்குகிறது. குமிழுக்கு மேலே ஒரு நெருக்கலான கழுத்து வைப்பார்கள். வாயிலிருந்து எடுத்ததும் பாதரசம் சுருங்கி அங்கே அறுந்துகொள்ளும். மேலே ஏறியது அப்படியே நிற்கும். உதறினால்தான் இறங்கும். கிட்டத்தட்ட −39 டிகிரி முதல் 357 டிகிரி செல்சியஸ் வரை திரவம், சீரான விரிவு, ஆல்கஹாலைவிட 50 மடங்கு நல்ல வெப்பக் கடத்தல். ஒரு லிட்டர் 13.5 கிலோ, இரும்பு ஆணி அதில் மிதக்கும், தங்கம் மூழ்கும்.

மூழ்கி, கரையவும் செய்யும். மோதிரத்துக்கு நடந்தது அதுதான். தங்கமும் வெள்ளியும் பாதரசத்தோடு சேர்ந்து ரசக்கலவையாகிவிடும். இரும்பு சேராது, அதனால்தான் இரும்புக் குடுவையில் அடைத்து விற்றார்கள். பத்தர் மோதிரத்தை ஊதுகுழல் தீயில் காட்டி மஞ்சளை மீட்டுக் கொடுத்தார். அப்போது கிளம்பிய ஆவியை அவர்தான் சுவாசித்திருப்பார். அன்றைக்கு எங்களுக்கு அது தோன்றவில்லை.

ஆல்கஹால் மலிவு, சிந்தினால் கவலையில்லை. பாதரசத்தைப் போல ஆறு மடங்கு விரியும், சிவப்புச் சாயம் போட்டால் கண்ணாடி போடாமலே படிக்கலாம். நெல் குடோன் சுவருக்கும் காளான் கொட்டகைக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் 78 டிகிரியில் கொதித்துவிடும். கண்ணாடியில் ஒட்டும், எடுத்ததும் இறங்கிவிடும். காய்ச்சல் பார்க்க ஒத்துவராது.

காலியம் ஓர் உலோகம், பெயரளவில்தான் திடம். 29.8 டிகிரியில் உருகும். மே மாதம் தஞ்சாவூரில் மேசை மேல் வைத்தால் தானே குளமாகிவிடும். இண்டியம் என்ற உலோகமும் தகரமும் சேர்த்தால் சாதாரண அறை வெப்பத்திலும் திரவமாகவே இருக்கும். அறை வெப்பத்தில் ஆவியாவது இல்லை என்றே சொல்லலாம். குறை ஒன்று உண்டு. கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அதற்காகக் குழாயின் உட்புறத்தில் தனிப் பூச்சு கொடுக்கிறார்கள், விலையும் ஏறுகிறது. உதறுவதற்கும் பாதரசத்தைவிடக் கை வலிக்கும்.

பண்பை மட்டும் பார்த்தால் என் ஓட்டு பாதரசத்துக்குத்தான். தோற்பது ஆவியில். திரவமாகத் தெரியும்போதே சத்தமில்லாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும் உலோகம் அது, வாசனையும் கிடையாது. 20 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் ஐந்து மடங்கு. நம் ஊர் வெயிலில் ஜன்னல் சாத்திய அறையை யோசித்துப் பாருங்கள். அந்த ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். அதனால்தான் பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் உலக ஒப்பந்தமான மினமாட்டா ஒப்பந்தம் 2013இல் உருவானது; இந்தியா 2018இல் ஏற்றது.

அம்மா அன்று துடைப்பத்தால் கூட்டினார். அது தப்பு, மணிகள் இன்னும் பொடியாகி விரிசலுக்குள் போய்விடும். ஜன்னலைத் திறந்துவிட்டு, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு, கெட்டி அட்டையால் தள்ளிச் சேர்த்து மூடி போட்ட பாட்டிலில் அடைக்க வேண்டும். கழிவறையில் கொட்டக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு டிஜிட்டல், கூடத்துச் சுவரில் சிவப்பு ஆல்கஹால். மிச்சமிருந்த ஒரு பாதரசக் குச்சி பஞ்சு சுற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது, பரணில் அல்ல. அங்கே ஓட்டுச் சூடு அதிகம்.