டேம்பரை மூடுவதா, புல்லியை மாற்றுவதா, டிரைவ் வைப்பதா?

கருங்கல் பக்கம் ஒரு முந்திரி ஆலை. தோல் நீக்கும் கூடத்தில் மேசைக்கு மேசை குழாய் இறக்கி, பருப்பின் சிவந்த மெல்லிய தோலை உறிஞ்சி எடுக்க ஒரு பெரிய விசிறி. 10 குதிரைத்திறன் மோட்டார், பெல்ட்டில் ஓடுகிறது. பழையது பழுதானதும் கிடைத்ததை வாங்கிப் போட்டதால் தேவைக்கு மேல் பெரிசு. தோலோடு சேர்த்து உடைந்த பருப்பையும் தூசி சேரும் பைக்குள் அள்ளிக்கொண்டு போனது.

"தம்பி, பைக்குள்ள போறது தூசி இல்ல, என் லாபம்லா" என்றார் முதலாளி.

காற்றைக் குறைக்க அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். டேம்பரை, அதாவது குழாயில் காற்றைத் தடுக்கும் தகட்டை, பாதி மூடி, கட்டுக்கம்பியால் இறுக்கி வைத்திருந்தார்கள். பருப்பு போவது நின்றுவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டேம்பரில் செலவு கிடையாது, தெரியாதவரும் திருகலாம். ஆனால் கிணற்று மோட்டாரை முழுசாக ஓடவிட்டு, கேட் வால்வைத் திருகி வாழைக்குத் தண்ணீர் அளந்து விடுகிற மாதிரிதான் இதுவும். விசிறி அதே வேகத்தில் சுற்றுகிறது, உண்டாக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கை டேம்பர் தகட்டிலேயே தொலைக்கிறது. மின்சாரம் கொஞ்சம் குறையும், காற்று குறைந்த அளவுக்குப் பலன் கிடைக்காது. இன்னொன்று: இதெல்லாம் நத்தைக்கூடு மாதிரிப் பெட்டிக்குள் சுற்றும் மையவிலக்கு விசிறிக்குத்தான். சுவரில் பதிக்கும் அச்சு விசிறியின் வழியை அடைத்தால் பெரும்பாலும் மின்சாரம் ஏறும், மோட்டார் சூடாகும். அங்கே டேம்பர் பக்கமே போகக் கூடாது. அச்சு விசிறிக்கு இறக்கைக் கோணத்தை மாற்றுவது ஒரு வழி. முப்பந்தலில் நிற்கும் புதிய காற்றாலைகளில் இறக்கை தானே திரும்பிக்கொள்ளும். நம் விசிறியை நிறுத்தி, எல்லா இறக்கையையும் ஒரே கோணத்துக்கு நாம்தான் திருப்ப வேண்டும்.

விசிறி வாயில் வைக்கும் திருப்புத் தகடுகள் டேம்பரைவிடச் சிக்கனம். காற்றைச் சுழற்றி உள்ளே விடுவதால் விசிறியின் பாரம் குறையும். முந்திரி வறுக்கும் புகையில் ஓட்டெண்ணெய்ப் பிசின் ஏறி, நாளடைவில் அந்தத் தகடுகள் அசையாமல் ஒட்டிப்போகும். வறுப்புப் பக்கம் இதை நான் சொல்லவே மாட்டேன்.

இனி புல்லி. மோட்டாரில் 6 அங்குலம், விசிறியில் 9 அங்குலம். மோட்டார் 1440 சுற்று என்றால் விசிறி 960. மோட்டார் புல்லியை 5 அங்குலமாக்கினால் 800. வேகம் 83 சதவீதம், காற்றும் 83 சதவீதம். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக இறங்கி 69 சதவீதம். மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்காக இறங்கி 58 சதவீதம்! விசிறி 6 கிலோவாட் இழுப்பதாக வையுங்கள். புல்லி மாற்றினால் மூன்றரை. அதே காற்றுக்கு டேம்பரை மூடினால் 5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோதான் நிற்கும். ஒன்றரை கிலோவாட் மிச்சம் என்றே பிடித்தாலும், நாளுக்கு 8 மணி நேரம், 300 நாளில் 3600 யூனிட். பெல்ட் வழுக்கல், குறைந்த பாரத்தில் மோட்டாரின் திறன் இழப்பு என்று கொஞ்சம் கழியும், மறுக்கவில்லை. அப்படியும் ஒரு புல்லியும் லேத் கூலியும் எவ்வளவு ஆகிவிடும்?

பி வகை பெல்ட்டுக்கு 5 அங்குலத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். பெல்ட் அதிகமாக மடங்கி வெடிக்கும். இன்னும் வேகம் குறைய வேண்டுமென்றால் விசிறிப் புல்லியைப் பெரிதாக்குங்கள்.

டிரைவ், அதாவது வி.எஃப்.டி., மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் குறைக்கும் பெட்டி. இதே கணக்கைக் குமிழில் செய்கிறது. 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதி. டிரைவே சில சதவீதம் தின்னும். மேசைகளில் பாதிதான் ஓடும் நாளில், காலி மேசைக் குழாய்களை அடைத்து, அழுத்தத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைக்கும்படி அமைக்கலாம். பருப்பு காயக் காயக் காற்றைக் குறைக்க வேண்டிய போர்மா (பருப்பு உலர்த்தும் அறை) விசிறிக்கும் நான் டிரைவைத்தான் சொல்வேன்.

ஆனால் குமிழ் யார் கைக்கும் எட்டும். இந்த ஆலைக் குழாயில் முழு வேகத்தில் காற்று வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. தூசி படியாமல் நகர 15 முதல் 20 வரை வேண்டும். யாராவது சத்தம் குறையட்டும் என்று 30 ஹெர்ட்ஸில் வைத்தால் 13-க்கு வந்துவிடும். தோல் குழாயின் அடியில் படிந்து ஒரு மாதத்தில் அடைப்பு. ஆகவே கீழ் எல்லையை 40-இல் பூட்டி வைக்க வேண்டும். மேல் எல்லையையும்தான்: 55 ஹெர்ட்ஸ் வைத்தால் காற்று 10 சதவீதம் கூடும், மின்சாரம் 33 சதவீதம் ஏறும். பலமுறை ரீவைண்டிங் செய்த மோட்டார் என்றால் டிரைவின் மின்னழுத்தத் தெறிப்பை அதன் கம்பிச் சுருளின் இன்சுலேஷன் தாங்குமா என்று யோசிக்கணும். குளச்சல், முட்டம் என்று கடலோரம் இருந்தால் உப்புக்காற்று புகாத பெட்டியும் தேவை.

எதைச் செய்யும் முன்னும் விசிறி சுற்றும் திசையைப் பாருங்கள். ஃபேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றினாலும் மையவிலக்கு விசிறி காற்றை அதே பக்கம்தான் தள்ளும், குறைவாகத் தள்ளும். இதைக் கவனிக்காமல் நானே ஒரு இடத்தில் அரை நாள் குழாயில் ஓட்டை தேடியிருக்கிறேன்.

கருங்கல் ஆலைக்கு 5 அங்குலப் புல்லிதான் போட்டோம். குழாயில் இப்போது காற்று 18 மீட்டர், பைக்குள் பருப்பு இல்லை.  மழைக்காலத்தில் தோல் ஈரம் கோத்துக் கனக்கும், இழுவை போதாது என்று முதலாளிக்கு ஒரு பயம். அதனால் 6 அங்குலப் புல்லிக்குக் கிரீஸ் தடவி, மோட்டாருக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டு வந்திருக்கிறோம். ஐப்பசியில் மாட்டணும், தையில் கழற்றணும்.