ஐபேட் மினி 5, 6, 7: எதிலிருந்து எதற்கு மாறலாம்?

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் மஞ்சக்குப்பத்திலோ கடைக்குப் போய் "மினி இருக்கா?" என்று கேட்டால், 2024 அக்டோபரில் வந்த ஏ17 புரோ மாடலைத்தான் எடுத்து வைப்பார்கள். பேச்சு வழக்கில் அதுதான் மினி 7. 128 ஜிபி வைஃபை மாடலின் அறிமுக விலை 49,900 ரூபாய். வீட்டில் ஏற்கெனவே ஒரு மினி இருக்கும்போது இவ்வளவு பணம் போடலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கையில் இருப்பது 2019-இல் வந்த மினி 5 என்றால் மாறலாம். 2021-இல் வந்த மினி 6 என்றால், பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை.

எது எது என்று தெரியாதவர்களுக்கு: திரைக்குக் கீழே வட்டப் பட்டனும் லைட்னிங் சார்ஜர் துளையும் இருந்தால் 5 அல்லது அதற்கும் பழையது. வட்டப் பட்டன் இல்லாமல், மேல் விளிம்புப் பட்டனிலேயே கைரேகை வைக்க வேண்டியிருந்தால் 6 அல்லது 7. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் போனால் மாடல் பெயரே எழுதியிருக்கும்.

திரை: புத்தகத்தை வைத்து அளந்தால்

விளம்பரத்தில் 5-க்கு 7.9 அங்குலம், 6-க்கும் 7-க்கும் 8.3 அங்குலம். இந்த எண்கள் மூலைவிட்ட அளவு என்பதால் படிப்பவருக்குப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. 5-இன் திரையை நிமிர்த்திப் பிடித்தால் 12 செ.மீ. அகலம், 16 செ.மீ. உயரம். 6, 7 இரண்டுக்கும் 11.6 செ.மீ. அகலம், 17.6 செ.மீ. உயரம். அதாவது புதியது ஒல்லியானது, உயரமானது.

தமிழ்ப் புத்தகங்களில் அதிகம் வரும் டெமி அளவு ஏறத்தாழ 14-க்கு 21.5 செ.மீ. அதை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை முழுப் பக்கமாகத் திறந்தால் 5-இல் அசல் அளவில் 74 சதவீதம்தான் தெரியும். 6-இலும் 7-இலும் 82 சதவீதம். ழகரக் கொம்பும் ஒற்றுப் புள்ளியும் கண்ணை இடுக்காமல் தெரிவதற்கு இந்த எட்டு சதவீதம் உண்மையிலேயே உதவும். ஆனால் ஏ4 தாளில் அச்சான கல்லூரிக் குறிப்புகளுக்கு இந்த லாபம் கிடையாது. மூன்று மாடலிலுமே பக்கம் பாதியளவுக்கு, 54-55 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். 12 பாயின்ட் எழுத்து ஆறரைப் பாயின்ட் ஆகிவிடும். படுக்கை வாட்டில் திருப்பினால் 7-இல் அதே எழுத்து பத்துப் பாயின்ட்டுக்கு வரும், ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை தள்ள வேண்டும். ஜிப்மரிலோ காலாப்பட்டு பல்கலைக்கழகத்திலோ படிக்கும் பிள்ளைக்கு ஏ4 குறிப்புகள்தான் முக்கியம் என்றால், எந்த மினியும் வேண்டாம். அந்தப் பணத்துக்கு 11 அங்குலத் திரையைப் பாருங்கள்.

6-க்கும் 7-க்கும் இடையில் திரையில் ஒரே ஒரு வேறுபாடு, ஜெல்லி ஸ்க்ரோல். நிமிர்த்திப் பிடித்து வேகமாகத் தள்ளும்போது திரையின் ஒரு பாதி மறு பாதியை விட ஒரு கணம் பின்தங்கிப் புதுப்பிக்கப்படும். அதனால் வரிகள் சாய்ந்து, நின்றதும் நேராவது போலத் தெரியும். 7-இல் இது குறைந்திருக்கிறது, அறவே போகவில்லை. இரண்டுமே நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரைதான். 6 வைத்திருந்து இதுவரை இதைக் கவனிக்காதவர் இதற்காக மாறவே வேண்டாம். கவனித்து எரிச்சல்படுபவர், கடையில் காட்சிக்கு வைத்த 7-ஐக் கையில் எடுத்து ஒரு நீளமான செய்திப் பக்கத்தை ஐந்து நிமிடம் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது

5-இல் ஏ12 சிப், 3 ஜிபி ரேம். 6-இல் ஏ15, 4 ஜிபி. 7-இல் ஏ17 புரோ, 8 ஜிபி. 5 வைத்திருப்பவருக்கு இது தினமும் தெரியும்: குறிப்பு எழுதும் செயலியிலிருந்து பிரவுசருக்குப் போய்த் திரும்பினால் எல்லாம் முதலிலிருந்து திறக்கும். 6-இல் இது எப்போதாவது நடக்கும். ஐபேடின் இயங்கு மென்பொருளான ஐபேட் ஓஎஸ் 26 மூன்றிலும் ஓடுகிறது. ஆனால் அதை ஏற்கும் ஐபேட்களிலேயே பழைய சிப் ஏ12தான் என்பதால், அடுத்து புது அப்டேட் நிறுத்தப்படும் வரிசையில் முன்னால் நிற்பது மினி 5.

எழுதியதைத் திருத்தித் தருவது போன்ற வேலைகளைச் செய்யும் ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 7-இல் மட்டும் உண்டு. அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரியும். ஆகவே பிரெஞ்சுக் கடிதங்களைத் திருத்தி எழுதும் வேலை உள்ள சில புதுச்சேரி வீடுகளுக்குப் பயன்படலாம். தமிழில் எழுதிப் படிப்பவருக்கு அந்த வசதிக்கெனப் பணம் போடுவது வீண்.

சேமிப்பு இடம்தான் 6-ஐ விட்டு மாற நியாயமான காரணம். 5-உம் 6-உம் 64 ஜிபியில் தொடங்கின. 7 தொடங்குவதே 128 ஜிபியில். 64 ஜிபி நிரம்பிவிட்டால் அப்டேட் இறங்க இடம் இல்லாமல் நிற்கும். அதற்கு முன் ஒரு வழி இருக்கிறது: 6-இல் டைப்-சி துளை இருப்பதால் பென் டிரைவை நேராகச் செருகி, ஃபைல்ஸ் செயலி வழியாகப் பழைய பிடிஎஃப், வீடியோக்களை அதற்கு நகர்த்தலாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

பில்லில் தெரியாத செலவு: பென்சில்

கணக்குத் தவறுவது இங்கேதான். 5-க்குப் பொருந்துவது முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில். 6-க்கு இரண்டாம் தலைமுறை. 7 இவை இரண்டையுமே ஏற்காது. பென்சில் புரோ அல்லது டைப்-சி பென்சில்தான் வேண்டும். பென்சில் புரோ 11,900 ரூபாய், டைப்-சி பென்சில் 7,900 ரூபாய். விலை குறைந்ததில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிமனாகாது, அதனால் படம் வரைபவருக்கு ஒத்துவராது. ஆக, 6-இல் வரைந்துகொண்டிருப்பவர் 7-க்கு மாறினால் உண்மைச் செலவு 61,800 ரூபாய். 6-உம் 7-உம் ஒரே அளவு உடம்பு என்பதால் பழைய கவர் மட்டும் அப்படியே பொருந்தும்.

பேட்டரி, வெயில், உப்புக்காற்று

"சார்ஜ் நிற்கவில்லை, அதனால் புதுசு வாங்குகிறேன்" என்பதுதான் அதிகம் கேட்கும் காரணம். 6-இலும் 7-இலும் பேட்டரி ஒரே அளவு, 19.3 வாட் அவர். 5-இல் 19.1. மூன்றுக்குமே ஆப்பிள் சொல்வது பத்து மணி நேரம். ஆக நீங்கள் வாங்குவது புது பேட்டரி, பெரிய பேட்டரி அல்ல. ஆயிரம் முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்குமாறு இவை வடிவமைக்கப்பட்டவை. தினம் ஒரு சுற்று என்றால் ஏறத்தாழ மூன்று வருடம். 6-இல் பேட்டரி மட்டும் தளர்ந்திருந்தால், அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் மாற்றக் கேளுங்கள். பேட்டரிக்குப் பதில் வேறு கருவியையே தருவதும் உண்டு, அதனால் பேக்கப் எடுக்காமல் கொடுக்காதீர்கள். திரை பசையால் ஒட்டியது. தெருமுனைக் கடையில் சூடாக்கிப் பிரிக்கும்போது கேபிள் அறுந்தால் திரையும் போய்விடும். திரையின் ஓரம் எழும்பியிருந்தாலோ நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மின்சாரம் இல்லாமல் தவித்தவர்களுக்கு ஒரு கணக்கு: 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது 37 வாட் அவர். வழியில் இழப்பது போக 22 முதல் 25 தேறும். எந்த மினியானாலும் ஒரு முழுச் சார்ஜ், கொஞ்சம் மிச்சம்.

வெயிலுக்கும் மூன்றும் ஒன்றே. 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். கத்திரியில் நம் ஊர் வெயில் அதைத் தாண்டும். காரின் டாஷ்போர்டில் வைத்தால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். அது பழுது அல்ல.

தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் 5 வைத்திருப்பவர்கள் லைட்னிங் கேபிளின் முனையைப் பாருங்கள். தங்க நிறக் கோடுகளில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். போகாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். ஐபேட் நன்றாகவே இருக்கும். டைப்-சி துளையில் பஞ்சும் தூசியும் அடைந்தால் அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்க வேண்டும். ஊசி கூடாது; உள்ளே நடுவில் இருக்கும் நாக்கு உடைந்துவிடும்.

சிம் மாடல் யாருக்கு

ஜிபிஎஸ் இருப்பது செல்லுலார் மாடலில் மட்டும். முதுநகர் துறைமுகத்திலிருந்து படகில் கொண்டுபோய் வரைபடம் பார்க்க நினைப்பவர் வைஃபை மாடல் வாங்கிவிட்டு வருந்த வேண்டாம். தண்ணீர் புகாத உறையும் கட்டாயம், எந்த மினிக்கும் நீர்த் தடுப்பு கிடையாது. 6-இல் நானோ சிம் போட இடம் உண்டு. 7-இல் அந்த இடமே இல்லை, அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும். உங்கள் சிம் நிறுவனம் ஐபேடுக்கு இ-சிம் தருகிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, 7-இன் செல்லுலார் மாடலுக்கு 64,900 ரூபாயைக் கட்டுங்கள்.

குழந்தை பாட வீடியோ பார்க்க மட்டும் என்றால் சாம்சங் டேப் ஏ9 போதும், விலை மினியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஓர் அங்குலத்தில் 179 புள்ளிதான், மினியில் 326. வீடியோவுக்கு இது உறுத்தாது, சிறிய தமிழ் எழுத்தைத் தொடர்ந்து படிக்க உறுத்தும்.

புதுச்சேரியில் வாங்கினால் மலிவு என்று கடலூரிலிருந்து பஸ் ஏறுபவர்கள் இன்னும் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் இரண்டு ஊரிலும் ஒரே வரி. வித்தியாசம் கடைக்காரர் தரும் தள்ளுபடியில் மட்டும்.

பழையதை விற்கும்போது வரிசை மாறக்கூடாது. முதலில் பேக்கப். பிறகு புதியதைப் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபின், பழையதில், தொலைந்த கருவியைத் தேடிப் பூட்டும் ஃபைண்ட் மை வசதியை அணைத்து, ஜெனரலில் உள்ள எரேஸ் ஆல் கொடுங்கள். செகண்ட் ஹேண்டில் 6 வாங்குபவர் அதே இடத்தில் நின்று ஆன் செய்து பார்க்கட்டும்: வைஃபை இணைத்தபின் முந்தைய உரிமையாளரின் பாஸ்வேர்டு கேட்காமல் திரை நகர்ந்தால் மட்டும் பணம் கை மாறலாம்.