ஒலித்தடுப்புச் சுவரும் தரையும்: எட்டு மாதங்களுக்குப் பிறகு

பழைய கிடங்கு ஒன்றை இரண்டு தளங்கள் கொண்ட வீடாக மாற்றியபோது, அறைகளைப் பிரிக்கும் சுவர்களுக்கும் மேல்தளத் தரைக்கும் ஒலித்தடுப்பு செய்யும் வேலையை ஒரு நிறுவனத்திடம் முழுமையாக ஒப்படைத்தோம். குடியேறி எட்டு மாதங்கள் ஆகின்றன. அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. பொருத்திய விதத்தில் உண்டு.

சுவருக்கு இரும்புச் சட்டகம், அதன் நடுவே 50 மி.மீ. ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), இருபுறமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டிரண்டு அடுக்கு. ஒலியைத் தடுப்பது ராக்வுல்தான் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது போர்டுகளுக்கு இடையே உள்ள காற்று அதிர்ந்து ஒலியைக் கடத்துவதையே தணிக்கிறது. தடுப்பதில் பெரும்பங்கு போர்டின் எடைக்கு உரியது. எடையை இரட்டித்தால் கடந்துபோகும் ஒலி கோட்பாட்டளவில் 6 டெசிபல் குறையும். ஆனால் சுமார் 10 டெசிபல் குறைந்தால்தான் சத்தம் பாதியானதாகக் காதுக்குத் தோன்றும் என்பதால், கூடுதலாக ஓர் அடுக்கு போட்டவுடன் அறை நிசப்தமாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முட்டை அட்டை போன்ற ஃபோம் ஒட்டலாமா என்று நான் கேட்டபோது, அது அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், அடுத்த அறைக்குப் போகும் ஒலியைத் தடுக்காது என்று சொல்லி மறுத்த அவர்களுடைய நேர்மையைப் பாராட்டுகிறேன்.

ஆயினும் முதல் இரவே கூடத்துத் தொலைக்காட்சிச் செய்தி படுக்கையறையில் சொல் சொல்லாகக் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டு சுவிட்ச் பலகையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளேயிருந்து கூடத்து வெளிச்சம் கண்ணில் அடித்தது. இருபக்கத்து சுவிட்ச் பெட்டிகளையும் நேருக்கு நேராக, முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருந்தார்கள். வெளிச்சம் நுழையும் இடத்தில் ஒலி நுழையாதா என்ன! புகார் செய்ததும் வந்து, ஒரு பெட்டியை அடுத்த சட்டத்துக்கு அப்பால் நகர்த்தி, பழைய துளையை அடைத்து, போர்டின் அடி விளிம்பு முழுவதும் இடைவெளியை அடைக்கும் பசையான சீலன்ட் பூசிக்கொடுத்தார்கள். இப்போது முணுமுணுப்பு மட்டுமே வருகிறது. தாழ்ந்த தாள ஒலி இன்னமும் ஓரளவு கடக்கிறது. இவ்வளவு மெல்லிய சுவரில் அதைத் தவிர்ப்பது கடினம்.

தரையின் கதை வேறு. காலடி, நாற்காலி இழுபடுவது போன்றவை காற்றின் வழியாக அல்லாமல் கட்டடத்தின் உடல் வழியாகவே இறங்குவதால், கான்கிரீட் தளத்தின்மேல் 10 மி.மீ. ரப்பர் விரிப்பு, அதன்மேல் சிமென்ட் பூச்சு, டைல்ஸ் என்று, கீழ்த்தளத்தையும் சுவரையும் நேரடியாகத் தொடாத ‘மிதக்கும் தரை’யாக அமைத்து, அது சுவரைத் தொடாதிருக்கச் சுவரோரம் ஃபோம் பட்டை வைத்தார்கள். ஒரே ஒரு மூலையில் மட்டும் கீழறைக்கு ‘டக் டக்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கே சுவரோர டைல்ஸைப் பெயர்த்தபோது, கட்டைவிரல் அளவுள்ள சிமென்ட் கட்டி ஒன்று பட்டையைத் தாண்டிச் சுவரோடு ஒட்டியிருந்தது. அதை உளியால் தட்டி எடுத்த பின் அந்தச் சத்தம் பெரிதும் அடங்கியது.

கதவைப் பற்றி அவர்களுடைய மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரிகூட இல்லாததே என் பெரிய மனக்குறை. இத்தனை அடுக்குப் போட்ட சுவரில், உள்ளே வெற்றிடமான இலேசான கதவு, அடியில் விரல் நுழையும் இடைவெளியோடு நிற்கிறது. கெட்டியான பலகைக் கதவும் அடியில் இறங்கி அடைக்கும் ரப்பர் பட்டையும் வேண்டுமென்று தனியாகச் சொல்லிவைத்திருக்கிறோம். அவை வரும்வரை ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வாசலில் வைத்துத் தூங்குகிறோம்.