ஒன்பது நிமிடம் என்று சொல்லி அரை மணி நேரம் இழுக்கும் மெஷின்

டிரம்மின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கை மாற்றி நேற்றுதான் வாஷிங் மெஷின் வீடு திரும்பியது. அது இல்லாத 11 நாட்களும் வீட்டில் நான்கு பேர் துணியையும் கையால்தான் துவைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு நண்பன் கேட்டான்: "நீ எட்டு வருஷமா வைத்திருக்கிறாயே, வாங்கலாமா? இல்லை, கையாலேயே ஓட்டிவிடலாமா?" போனில் சொல்லி மாளாது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

என்னுடையது ஃப்ரன்ட் லோடு (முன்பக்கக் கதவு), 7 கிலோ, ஸ்பின், அதாவது கடைசியில் சுழற்றிப் பிழிவது, நிமிடத்துக்கு 1200 சுற்று. மற்ற விவரமெல்லாம் எந்த விளம்பரத்திலும் கிடைக்கும்.

முதலில் கை. ஆரம்பத்தில் மூன்று நாள் முட்டாள்தனமாகத் துவைத்தேன். ஒவ்வொரு துணியையும் எடுத்துப் போட்டுக் கும்மி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை. ஊறவைப்பதுதான் பாதி வேலை என்பது அப்புறம்தான் உறைத்தது. வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூளைக் கரைத்து அரை மணி நேரம் விட்டால், தூளில் இருக்கும் என்சைம்கள் தம் பாட்டுக்கு வேலை பார்க்கின்றன. 1959இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய நிபுணர் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். அழுக்குப் போக நான்கு விஷயம் வேண்டும்: சோப்பு, சூடு, நேரம், உராய்வு. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் நேரத்தைக் கொடுக்காமல் என் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சட்டைக் காலர் விஷயத்தில் கையை மெஷினால் வெல்ல முடியாது. டிரம்முக்குக் காலரும் ஒன்றுதான், முதுகும் ஒன்றுதான். எல்லா இடத்தையும் ஒரே மாதிரி புரட்டும். கை நேராக அழுக்கு இருக்கும் இடத்துக்குப் போகிறது. கழுத்தில் படிவது தோலின் எண்ணெய்ப் பிசுக்கு. அதில் மட்டும் சோப்பைத் தடவி நாலு கசக்குக் கசக்கினால் போய்விடும். எட்டு வருஷமாக மங்கலாகவே இருந்த ஒரு காலர் இந்த 11 நாளில் வெளுத்தது. ரத்தக் கறையும் அப்படித்தான். பார்த்த உடனே பச்சைத் தண்ணீரில் அலசிவிடலாம். கவனிக்காமல் சூடான சுழற்சியில் போட்டால் புரதம் இறுகி, கறை துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு சொல்பவன் ஏன் மெஷின் வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்? பிழிவதால்.

துவைப்பது கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். துவைப்பது கஷ்டமே இல்லை. அலசுவதும் சமாளிக்கலாம், என்ன, தண்ணீர்தான் வாளி வாளியாகப் போகும். ஒரு ஜீன்ஸைத் தனியாளாகப் பிழிந்து பாருங்கள். முறுக்க முறுக்க நடுவில் தண்ணீர் இறங்குகிறது. கை பிடித்திருக்கும் இரண்டு முனையும் அப்படியே ஈரம். பிடியை மாற்றினால் இன்னொரு இடம். படுக்கை விரிப்புக்கு இரண்டு ஆள் வேண்டும். இதில் தையலும் எலாஸ்டிக்கும் தளர்வது தனிக் கணக்கு. கம்பளித் துணியை முறுக்கவே கூடாது.

பொழுது போகாமல் ஒரு துண்டை எடை போட்டேன். காய்ந்தபோது 450 கிராம். என் பலம் முழுக்கப் போட்டுப் பிழிந்தபின் 950. நேற்று அதே துண்டு மெஷினில் இருந்து வந்தபோது 680. கொடியில் போட்ட பிறகு சொட்டு விழவில்லை, மணிக்கட்டும் வலிக்கவில்லை. மெஷின் முறுக்குவதே கிடையாது. சுழற்றும் வேகத்தில் துணி டிரம் சுவரில் அப்பிக்கொள்ள, நீர் மட்டும் ஓட்டை வழியாக வெளியேறுகிறது. டிரம்மின் ஆரம் 24 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 1200 சுற்றில் அது புவியீர்ப்பைப் போல் 380 மடங்குக்கும் மேல். எந்தக் கைக்கு அது முடியும்?

ஆனால் அந்த ஸ்பின்னில்தான் என் எட்டு வருஷக் கடுப்பும் இருக்கிறது.

திரையில் 9 என்று வரும். ஒன்பது நிமிடத்தில் உலர்த்தலாம் என்று கொடியைத் துடைத்துவிட்டு, கிளிப்பை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வந்து நிற்பேன். டிரம் மெதுவாக இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று. வேகம் எடுக்கும், எடுத்த உடனே நின்றுவிடும். மறுபடி கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டு புரட்டும். திரையில் அதே 9. ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: 9 என்ற எண் 8 ஆவதற்கு 27 நிமிடம்! காரணம் எப்போதும் ஒன்றுதான். ஏதாவது ஒரு பெரிய தலையணை உறையோ மெத்தை உறையோ வாயைத் திறந்து காலுறை, பனியன், துண்டு எல்லாவற்றையும் விழுங்கி ஒரே உருண்டையாகிவிடும். எடை ஒரு பக்கம் சேர்ந்தால் மெஷின் வேகம் எடுக்காது. நின்று, கதவுப் பூட்டு விடும்வரை காத்திருந்து, உருண்டையைப் பிரித்துப் போட்டால் சரியாகிவிடும். உறைகளுக்குப் பொத்தான் போட்டுத் துவைப்பது, ஒற்றைக் கனமான துணியோடு இரண்டு துண்டையும் சேர்ப்பது, இதெல்லாம் பழகிவிட்டேன். ஆனாலும் வாரத்துக்கு ஒரு தடவை அந்த 9.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பழுது பார்த்தவர் கழற்றிய பேரிங்கைக் காட்டினார். துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் தேய்ந்து, நீர் உள்ளே போய், கிரீஸைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. சில மாதமாக விமானம் கிளம்புவது போலச் சத்தம் வந்தது அதனால்தான். எடை ஒருபக்கமாக இருக்கும்போது வேகமாகச் சுற்றினால் இந்தப் பேரிங்குக்குத்தான் அடி விழும் என்றார். அதாவது அந்த 9இல் மெஷின் தயங்கித் தயங்கி நிற்பதே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். நானோ பொறுமையில்லாமல் அணைத்து அணைத்து ஸ்பின்னை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறேன். சரி, என் தப்பும் உண்டு. அதற்காகப் பொய் நேரம் காட்டவேண்டுமா? 'எப்போது முடியும் என்று தெரியவில்லை' என்று காட்டித் தொலைத்தால் நான் போய் வேறு வேலை பார்ப்பேன்.

நண்பனுக்கு என் தீர்ப்பு: வாங்காதே. நீங்கள் இரண்டே பேர். ஊறவைத்துக் கையால் துவை, பிழிவதற்கு மட்டும் ஒரு தனி ஸ்பின்னர் வாங்கிக்கொள். காலரும் வெளுக்கும்.

இதைச் சொன்னதும், "அப்போ உன் மெஷினைக் கொடுத்துவிடேன்" என்றான். கொடுப்பதாவது! நேற்று ராத்திரியே மூன்று தடவை ஓட்டினேன்.

வாங்கியே தீருவேன் என்றால் ஒன்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்: வெளி டப், அதாவது டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் தொட்டி, திருகு போட்டதா, ஒட்டி மூடியதா? ஒட்டியது என்றால் ஒரு சின்னப் பேரிங்குக்காக டப்பையே முழுசாக மாற்றச் சொல்வார்கள். என்னுடையது திருகு போட்டது, தப்பித்தேன்.