‘ரன்’ என்ற ஒரு சொல்லை வைத்து ஓர் அகராதியை எடைபோட்டபோது

ஓர் அகராதி நல்லதா என்று பார்ப்பதற்கு நான் கடினமான சொற்களைத் தேடுவதில்லை. யாரும் அறியாத சொல்லுக்கு எந்த அகராதியும் ஒரு வரி விளக்கம் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். தினமும் வாயில் புழங்கும் சின்னஞ்சிறு சொல்லில்தான் அதன் சாயம் வெளுக்கும். அந்தச் சோதனைக்கு நான் வைத்திருக்கும் சொல் ‘ரன்’. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியில் அதைத் தட்டினேன். ‘ஓடு, ஓட்டம், நடத்து, இயக்கு, பாய்’ என்று காற்புள்ளியிட்ட ஒரே வரி வந்தது. எது எங்கே பொருந்தும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் இல்லை. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் எழுதி அதே செயலியின் மொழிபெயர்ப்புப் பெட்டியில் இட்டபோது, ‘குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்றது. அந்தக் குழாயைத் துரத்திப் பிடிக்கத் தெம்பில்லாமல், இணையத்தில் உள்ள ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குப் போனேன். இந்த மதிப்புரை முழு அகராதியைப் பற்றியது அன்று. அதிலுள்ள ‘ரன்’ என்னும் வினைச்சொல்லின் பதிவைப் பற்றியது.

இந்தப் பதிவைக் குறிப்பிடுவோர் எல்லோரும் முதலில் சொல்வது 645 என்ற எண்ணைத்தான். 2011இல் திருத்தி வெளியிடப்பட்டபோது இந்த வினைக்கு அத்தனை பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஏறக்குறைய 9 மாதங்கள் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார். அதற்கு முன்பு, அகராதியின் மிகப் பெரிய பதிவு என்ற முதலிடத்தில் நீண்ட காலம் இருந்தது ‘செட்’. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் அதன் வினைப் பதிவு மட்டுமே ஏறத்தாழ 60,000 சொற்களுக்கு நீண்டது. பிறகு 2000இல் ‘மேக்’, 2007இல் ‘புட்’ என்று முதலிடம் கைமாறி, இறுதியில் ‘ரன்’ வந்து உட்கார்ந்தது. இயந்திரங்கள் பெருகிய காலத்தில் எஞ்சினும் கடிகாரமும் தொழிற்சாலையும் கணினி நிரலும் எல்லாமே ‘ரன்’ ஆகத் தொடங்கியதால் இந்தச் சொல் ஊதிப் பெருத்தது என்று கூறப்படும் காரணம் ஏற்கத்தக்கதே. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி ‘எம்’ எழுத்திலிருந்து தொடங்கியதால், 2011இல் ‘செட்’டுக்கு இன்னும் முறை வந்திருக்கவில்லை. ஒரு சொல்லைப் புதுப் படியாலும் இன்னொன்றைப் பழைய படியாலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று கேட்பது சரியான கணக்காகாது. பொருள்களின் எண்ணிக்கை என்பதே, பாதியளவு, எந்த இடத்தில் வெட்டுவது என்று ஆசிரியர் எடுக்கும் முடிவு.

அந்த வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியதும்தான் பதிவு சுவைக்கத் தொடங்கியது. சொற்பிறப்புப் பகுதியை எல்லோரும் தாண்டிச் செல்வார்கள். நான் அங்கேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் எழுத்துகள் இடம்மாறி ‘இர்னன்’ என்பது போன்ற வடிவில் வழங்கியிருக்கிறது. நம்மிடம் தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இதே கதைதான். அதைவிட முக்கியமானது, பழைய ஜெர்மானிய மொழிகளில் இது ஒரு சொல்லாக இல்லாமல் இரண்டாக இருந்தது என்பது. தானே ஓடுவதற்கு ஒரு வினை, ஓடச் செய்வதற்கு அதிலிருந்து பிறந்த மற்றொரு வினை. இன்றைய ஜெர்மன் மொழியில் அந்த இரண்டின் வழித்தோன்றல்களும் தனித்தனியே உயிரோடு இருக்கின்றன: ‘ரின்னன்’ என்றால் நீர் ஒழுகியோடுவது, ‘ரென்னன்’ என்றால் ஆள் ஓடுவது. ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. தமிழ் படித்தவருக்கு இது உடனே புரியும். நமக்கு அது ஓடு, ஓட்டு என்ற தன்வினை, பிறவினை வேறுபாடு. வண்டி ஓடுகிறது, ஓட்டுநர் ஓட்டுகிறார். கடை ஓடுகிறது, முதலாளி எப்படியோ கடையை ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இந்த நான்கு இடங்களிலும் ஒரே ‘ரன்’ நிற்கலாம் என்பதால், செயப்படுபொருள் குன்றிய பொருள்களை ஒரு பக்கமும் குன்றாத பொருள்களை மறுபக்கமும் இந்தப் பதிவு ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுக்க வேண்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் ஓடுதலும் ஓட்டுதலும் வெவ்வேறு தலைச்சொற்கள். நாமும் அவற்றை ஒன்றாகக் கட்டி, ‘குடும்பத்தை ஓட்டு’, ‘பொழுதை ஓட்டு’, ‘பேய் ஓட்டு’, ‘ஆளை வைத்து ஓட்டு’ என்று தொடங்கி வேரோடுதல், விரிசல் ஓடுதல், புத்தி ஓடாமை, ஓடிப்போதல் என்று எண்ணிக்கொண்டே போனால், பட்டியல் எளிதில் முடியாது.

இந்தப் பின்னணியோடு பதிவைப் படிக்கையில், இரு மொழிகளும் எங்கே கைகோத்து நடக்கின்றன, எங்கே பிரிகின்றன என்று ஒவ்வொரு படியிலும் தெரிகிறது. படம் நூறு நாள் ஓடுவதும், சுவரில் விரிசல் ஓடுவதும், உடலில் ரத்தம் ஓடுவதும் இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஆங்கிலத்தில் மூக்கு ஓடுகிறது, நமக்கு அது ஒழுகுகிறது. துணியின் நிறம் அங்கே ஓடுகிறது, இங்கே சாயம் போகிறது. சாலை அங்கே ஓடுகிறது, இங்கே போகிறது. காய்ச்சல் அங்கே ஒருவர் ‘ஓட்டுவது’. நமக்கு அது அடிப்பது. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார், நம்முடைய வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார். ஒரே ஆங்கிலத்துக்குள் இருக்கும் இந்தப் பிளவைச் செயலி சொல்லாது. அகராதி வட்டாரக் குறிப்போடு சொல்கிறது. கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டையாளர் ஓரடிகூட எடுத்து வைக்காமல் நான்கு ‘ரன்’ பெறுவதையும், அதை நாமும் கூச்சமில்லாமல் நான்கு ஓட்டங்கள் என்று எழுதுவதையும் நினைத்துப் பார்த்தால், சொல் பிறந்த காரணத்தை விட்டு எவ்வளவு தூரம் வந்துவிடுகிறது என்பது விளங்கும்.

ஒவ்வொரு பொருளின் கீழும் மேற்கோள்கள் ஆண்டு வரிசையில் நிற்பதே இந்த அகராதியின் பெரும் பலம். 1884இல் முதல் பகுதி வெளிவந்த நாள் தொட்டு மாறாத முறை அது. ஒரு பொருள் எப்போது தலைகாட்டியது, எப்போது வழக்கொழிந்தது என்பதை விளக்கவுரை இல்லாமலே மேற்கோள்கள் காட்டிவிடுகின்றன; செத்த பொருளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குத்துவாள் குறி. தமிழ்ப் பேரகராதியும் இலக்கிய மேற்கோள் தருகிறது, ஆனால் ஆண்டு தருவதில்லை. பல நூல்களின் காலமே விவாதத்தில் இருக்கும்போது அதைக் குறையென்று சொல்லவும் முடியாது.

இந்தப் பலமே கற்பவருக்குத் தொல்லையாகவும் இருக்கிறது. பொருள்கள் பெரும்பாலும் வரலாற்று வரிசையில் வருவதால், இன்று அதிகம் புழங்கும் பொருள் எங்கோ நடுவில் கிடக்கும். ‘ரன் அவுட்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் ஆட்டமிழப்பதும், பேனாவில் மை தீர்வதும், ஒப்பந்தக் காலம் முடிவதும், ஒருவர் வெளியே ஓடுவதும் அதற்குள் அடங்கும். அவசரத்தில் வந்தவர் தமக்கு வேண்டியதைத் தேடிப் பிடிப்பதற்குள் பொறுமையும் தீர்ந்துவிடும். கைப்பேசித் திரையில் இந்தப் பதிவைப் படிப்பது, தேரை முட்டுச் சந்தில் திருப்புவது போன்ற வேலை. பெரிய திரை வேண்டும். முழுப் பதிவையும் காணச் சந்தா தேவை என்பதால், தனியாகப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் நூலகமோ பல்கலைக்கழகமோ சந்தா வைத்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. பள்ளி மாணவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வழக்கின் மிகுதியைக் கொண்டு வரிசைப்படுத்திய, எளிய எடுத்துக்காட்டுகளுள்ள கற்போர் அகராதி ஒன்றே அவருக்குப் போதும்.

மொழிபெயர்ப்பாளருக்கோ இது வேறு வகையில் பயன்படும். இதில் தமிழ்ச்சொல் ஒன்றும் கிடைக்காது. ஆனால் கையிலுள்ள வாக்கியத்தில் நிற்பது ஓடுகிற ‘ரன்’னா, ஓட்டுகிற ‘ரன்’னா என்பது தெளிவாகிவிடும். அது தெளிந்துவிட்டால் தமிழ்ச்சொல் பெரும்பாலும் தானே நாக்கில் வந்து நிற்கிறது. புதிய கப்பலையோ ரயிலையோ சோதித்துப் பார்க்க ஓட்டும் ‘ட்ரையல் ரன்’னுக்குச் செயலி ‘சோதனை ஓட்டம்’ என்று கொடுத்திருந்தது. தவறில்லை. இருந்தாலும் பதிவை மூடிவைத்த பிறகு எனக்கு நினைவு வந்தது, நாம் எப்போதோ செய்துவைத்துவிட்டு மறக்கத் தொடங்கியிருக்கும் ‘வெள்ளோட்டம்’.