டிராக் சைக்கிள்: ஜப்பானா, இத்தாலியா, தைவானா?

டிராக் சைக்கிள்னா தடப் பந்தயத்துக்கான, ஒரே கியர் உள்ள சைக்கிள். மூன்று நாட்டு ஃபிரேமிலும் பின்சக்கரம் மாட்டும் இடைவெளி பொதுவாக 120 மி.மீ.தான், வம்பே பாட்டம் பிராக்கெட்டில், அதாவது பெடல் அச்சு சுழலும் இடத்தில். ஜப்பான், தைவான் ஃபிரேம்களில் பெரும்பாலும் அச்சு நுழையும் கூடு 68 மி.மீ. அகலம், செயின் பக்கக் கப்பு (பேரிங்கைத் தாங்கும் மூடி) இடமரை, அதாவது இடப்பக்கம் திருகினால் இறுகும். பழைய இத்தாலிய ஸ்டீலிலோ 70 மி.மீ., இரண்டு பக்கமும் வலமரை. அதனால்தான் செயின் பக்கக் கப்பு மிதிக்க மிதிக்கக் கழன்றுவரும்; மரையில் பசை தடவி நல்லா இறுக்கணும். வேலூரில் எந்தக் கடையானாலும் மரை எந்தப் பக்கம்னு பார்க்காமல் ஸ்பேனர் போட விடாதீங்க, கூடே போயிடும்.

வேலைப்பாட்டில் என்ஜேஎஸ் முத்திரை (ஜப்பானின் கெய்ரின் தடப் பந்தயத்துக்கான அங்கீகாரம்) குத்திய கெய்ரின் ஃபிரேம்தான் முதல்: லக் (குழாய்களை இணைக்கும் உறை) வைத்த ஸ்டீல், சுத்தமான பற்றவைப்பு. ஆனால் ஃபோர்க்கில் பெரும்பாலும் பிரேக் துளை இருக்காது. காட்பாடி பாலத்தில் ஏறி இறங்க அந்த ஃபிரேம் வேண்டாம். முன்பிரேக் துளையுள்ள தைவான் அலுமினியம் போதும். குலுக்கல் கைக்குத் தெரியும், அவ்வளவுதான். எதுவானாலும் செயினைச் சுற்றி, இறுகும் இடத்தில் ஒரு செ.மீ. ஆடுதான்னு பாருங்க.